பாதியில் நின்ற குளியலறை

போடிநாயக்கனூரில் ஏலக்காய் பிரிப்பது பெண்களின் வேலை. தவமணியும் அதைத்தான் செய்துவந்தார். மாவு மில்லுக்கு மேலே ஒரே அறை கொண்ட வாடகை வீடு. தரையில் ஏலக்காயைக் கொட்டிப் பருமனானது, சிறுத்தது, பச்சை, வெளுப்பு என்று ஒதுக்கிக்கொண்டிருப்பார். அவரிடம் எதையாவது கேட்க வருகிறவர்களும் கூட உட்கார்ந்து ஒதுக்குவார்கள். கேட்டதற்குச் சில நாள் பதில் வரும். சில நாள் வராது. ஏலக்காய் மட்டும் குவியும்.

அவர் காவி கட்டியவர் இல்லை. யாருக்கும் மந்திரம் கொடுத்ததும் இல்லை. என்றாலும் டைல்ஸ் போடும் சென்றாயன் அவரைக் குரு என்றுதான் சொல்வான். அவனுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவருக்கு நாற்பதுதான் இருக்கும். அவன் அவரை அம்மா என்பான். அவர் அவனை அண்ணே என்பார்.

சென்றாயன் ஒரு காலத்தில் பெரிய கோபக்காரன். ஒரு டைல்ஸ் நூலளவு பிசகியதற்காக அந்த வரிசையையே சுத்தியலால் நொறுக்கியவன். தவமணியிடம் வந்து உட்காரத் தொடங்கிய பிறகு கோபம் குறைந்தது. கொஞ்ச நாளில் சந்தோஷமும் குறைந்தது. அதை அவன் கவனிக்கவில்லை.

ஆடி பிறந்த வாரத்தில் ஒரு மாலை வந்து உட்கார்ந்தான். ஒரு குவியல் ஏலக்காயை ஒதுக்கி முடித்தான். பிறகு கேட்டான்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"ம்."

"பங்குனியில என் தம்பி சீலமுத்து செத்துப்போனான்ல."

"ஆமா."

"எனக்கு அழுகையே வரலம்மா."

தவமணி தலையை நிமிர்த்தவில்லை. கை ஒதுக்கிக்கொண்டே இருந்தது.

"நான்தான் கொள்ளி வச்சேன். கை நடுங்கல. பந்தல் போட்டவனுக்கு, பறையடிச்சவனுக்கு, எல்லாருக்கும் நின்னு காசு குடுத்து அனுப்புனேன். ஊர்ல பாதிப் பேரு, என்னா பக்குவம் பாருங்கறான். பாதிப் பேரு, கல்லு நெஞ்சுக்காரங்கறான். எது சரின்னு எனக்கே தெரியல."

"உள்ள எப்பிடி இருக்கு?"

"ரசமட்டத்துல குமிழி நட்டநடுவுல வந்து நிக்கும் பாருங்க, அது மாதிரி இருக்கு. இந்தப் பக்கமும் போகல, அந்தப் பக்கமும் போகல. இதுதான் நீங்க சொல்ற அமைதியா? இல்ல, அவங்கூட நானும் செத்துட்டனா?"

தவமணி ஒரு வெளுத்த காயை எடுத்துத் தனியே போட்டார்.

"தம்பி வீட்டு பாத்ரூம் வேலை முடிஞ்சிருச்சா?"

சென்றாயனுக்குப் புரியவில்லை. தான் கேட்டது அவர் காதில் விழவில்லையோ என்று நினைத்தான்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்தே வேலைக்குப் போனவர்கள். தரை சென்றாயனுக்கு, சுவர் சீலமுத்துவுக்கு. ஊரில் எத்தனையோ வீடுகளுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, சீலமுத்து கடைசியாகத் தன் வீட்டுக் குளியலறையைக் கையில் எடுத்தான். நான்கு சுவரும் முடித்தான். தரைக்கு அண்ணன் வர வேண்டும். அந்த வாரம்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

"இல்லம்மா. அப்பிடியே கெடக்கு," என்றான் சென்றாயன்.

"ஏன்?"

"கை ஒழியல. வேற வேலைக வந்துருச்சு."

"தம்பி மக எங்க குளிக்குது?"

"பக்கத்து வீட்ல."

"வயசுப்புள்ள."

"ஆமாம்மா. பத்தாவது படிக்கிறா."

தவமணி கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"நாளைக்கு நாம போயி முடிச்சிருவோம்."

"நாமன்னா?"

"டைல்ஸ ஊறப்போட ஒரு ஆளு வேணும்ல."

"அம்மா, நான் கேட்டதுக்கு..."

"காலையில வந்து கூப்பிடுங்கண்ணே. வீடு எனக்குத் தெரியாது."

அவன் படியிறங்கி நடந்தான். அமைதியைப் பற்றிக் கேட்டால் குளியலறையைப் பற்றிப் பேசுகிறார். இதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்தான். அடுத்த தெரு முனைக்கு வந்தபோது ஒன்றுமே இல்லை என்றும் தோன்றியது.

வீட்டில் மனைவி வீரம்மாள் சோறு போட்டாள். விஷயத்தைச் சொன்னான்.

"இப்பவாவது போறீகளே," என்றாள். "சிரிக்கவும் மாட்டேங்குறீக, அழவும் மாட்டேங்குறீக. உங்ககூட இருக்கறதுக்குச் செவுத்துகூட இருக்கலாம். செவுத்துலயாவது பல்லி கத்தும்."

அவன் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தான்.

*

சீலமுத்துவின் வீடு ஊருக்கு மேற்கே, மலை தெரியும் தெருவில் இருந்தது. அவன் மனைவி பஞ்சவர்ணம் வாசலில் நின்றாள்.

"வாங்க," என்று தவமணியைப் பார்த்துச் சொன்னாள். சென்றாயனைப் பார்க்கவில்லை.

"எங்க குரு," என்றான் அவன். "தவமணியம்மா."

"ஏலக்கா பெறக்குறவங்கதான? வண்டிப்பேட்டை பக்கம் பாத்திருக்கேன்."

"ஆமா தாயி," என்றார் தவமணி. "இன்னிக்கு மட்டும் சித்தாளு."

பஞ்சவர்ணத்துக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. வழிவிட்டு நின்றாள்.

குளியலறை பின்கட்டில் இருந்தது. நான்கு சுவரிலும் இளம்பச்சை டைல்ஸ் ஆள் உயரத்துக்கு மேல் ஏறியிருந்தது. அடி வரிசை மட்டும் இல்லை. அங்கே வெறும் சிமெண்ட் பூச்சு. தரை போட்ட பிறகுதான் அடி வரிசையை அளந்து வெட்டிப் பொருத்துவார்கள். அதற்காக விட்டிருந்தான். தரைக்கு வாங்கிய சொரசொரப்பான டைல்ஸ் பெட்டிகள் வெளியே தூசி படிந்து கிடந்தன.

சென்றாயன் சுவரில் கையை வைத்தான். இணைப்புகளின் மேல் விரலை ஓட்டினான். எங்கும் தட்டவில்லை.

"சுத்தமா வச்சிருக்கான்," என்றான்.

யாரோ முகம் தெரியாத ஆளின் வேலையைப் பார்த்துச் சொல்வதுபோல் இருந்தது. பஞ்சவர்ணம் அதைக் கேட்டாள். விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தவமணி அண்டாவில் தண்ணீர் நிரப்பி டைல்ஸ்களை ஒவ்வொன்றாக இறக்கினார். குமிழிகள் கிளம்பின. அவர் குனிந்து காதை வைத்தார்.

"சத்தம் போடுதுண்ணே."

"தண்ணி குடிக்குதும்மா. குடிக்காமப் போட்டா, கலவையில இருக்க தண்ணிய இழுத்துக்கிரும். பெறகு ஒட்டாது."

"ஓ."

சென்றாயன் தரையைக் கூட்டிக் கழுவினான். மூலையில் தண்ணீர் போகும் குழாயின் வாயை அடைத்துவைத்திருந்த சாக்கை எடுத்தான். எதிர்ச் சுவரிலிருந்து அந்த மூலைக்கு நூல் கட்டினான்.

"நூலு ஏன் ஒரு பக்கம் எறங்குது?" தவமணி கேட்டார்.

"வாட்டம்மா. சரிவு இருந்தாத்தான அந்த மூலைக்குத் தண்ணி போகும்."

"வேண்டாம். சமமாப் போடுங்க."

"சமமாவா?"

"ரசமட்டத்த எங்க வச்சாலும் குமிழி நட்டநடுவுல நிக்கணும்."

அவர் விளையாடுகிறார் என்று நினைத்துச் சென்றாயன் காத்திருந்தான். அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை.

"அம்மா, இது பாத்ரூமு. தண்ணி தேங்கும்."

"போடுங்கண்ணே."

நூலைப் பிடித்தபடியே குந்தியிருந்தான். ஒருவேளை அவருக்கு உண்மையிலேயே தெரியாதோ? அப்படியானால் எடுத்துச் சொல்ல வேண்டும். தெரிந்துதான் சொல்கிறாரோ? அப்படியானால் கேட்கக் கூடாது. சோதிக்கிறாரோ? சோதனை என்றால் எது தேறுவது, எது தோற்பது? சொன்னபடி போடுவதா, போடாமல் இருப்பதா?

ஒன்றும் பிடிபடவில்லை. நூலை அவிழ்த்து மட்டமாகக் கட்டினான்.

பிற்பகலுக்குள் தரை முடிந்தது. இத்தனை வருஷத்தில் அவன் ஒரு குளியலறைக்கு இப்படிப் போட்டதில்லை. ரசமட்டத்தை நீளவாட்டில் வைத்தான், குறுக்கே வைத்தான், மூலைக்கு மூலை வைத்தான். குமிழி நடுவிலேயே நின்றது. நல்ல வேலை. தண்ணீர் போகும் மூலையைப் பார்க்காமல் ரசமட்டத்தைத் துடைத்துப் பைக்குள் வைத்தான்.

"அழகா இருக்கு," என்றார் தவமணி.

பஞ்சவர்ணம் டீ கொண்டுவந்தாள். தம்ளரை நீட்டிக்கொண்டே தரையைப் பார்த்தாள். டைல்ஸ் போடுகிறவனோடு குடும்பம் நடத்தியவள். ஒரே பார்வையில் கண்டுகொண்டாள்.

"பெரியத்தான், வாட்டம் எங்க?"

சென்றாயன் தவமணியைப் பார்த்தான். அவர் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மாதான் சமமாப் போடச் சொன்னாங்க."

"அவங்களா குளிக்கப் போறாங்க?"

அவன் டீயை ஒரே மடக்கில் குடித்தான். காலியான தம்ளர்களை வாங்கிக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

*

மறுநாள் விடிந்ததும் மூவரும் குளியலறை வாசலில் நின்றார்கள். சீலமுத்துவின் மகள் இலக்கியா தோளில் துண்டோடு வந்து சேர்ந்தாள். சொந்த வீட்டில் எப்போது குளிக்கலாம் என்று நேற்றே கேட்டிருந்தாள். இன்னும் காய வேண்டும் என்று அம்மா சொல்லியும் துண்டோடு வந்துவிட்டாள்.

பஞ்சவர்ணம் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிவந்து ஊற்றினாள்.

தண்ணீர் விரிந்தது. சுவரோரம் போய் முட்டியது. திரும்பி வந்தது. பிறகு நின்றுவிட்டது. குழாயின் வாய்க்குள் கொஞ்சம் இறங்கியதோடு சரி. பச்சைச் சுவர்கள் தலைகீழாகத் தெரியும்படி அசையாமல் கிடந்தது.

இலக்கியா உள்ளே காலை வைத்தாள். பாதம் நனைந்தது.

"பெரியப்பா, இது போகாதா?"

சென்றாயன் குழாய் இருந்த மூலையைப் பார்த்தான்.

பஞ்சவர்ணம் வாளியைக் கீழே வைத்தாள்.

"செவுரு முடிஞ்ச அன்னிக்கு அவரு என்ன சொன்னாரு தெரியுமா? தரைக்கு எங்கண்ணன் வரும்டி, எங்கண்ணன மாதிரி வாட்டம் பாக்க இந்த ஜில்லாவுலயே ஆளு கெடையாதுன்னாரு. அதுக்குப் பெறகு நீங்க வரல. இந்தப் புள்ள துணிய அள்ளிக்கிட்டு வீடு வீடாப் போச்சு. அப்பவும் வரல. இப்ப வந்தீங்க."

அவள் குரல் உடைந்தது. தண்ணீரைக் கையால் காட்டினாள்.

"அவரு செத்தன்னிக்கும் இப்பிடித்தான நின்னீங்க. இந்தா, இது மாதிரிதான."

சென்றாயனுக்கு முகம் சூடேறியது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தவமணியின் பக்கம் திரும்பினான்.

"நான் சொன்னேன்லம்மா! தேங்கும்னு சொன்னேன்ல!"

அவன் இப்படிச் சத்தம் போட்டு வருஷக்கணக்காகிறது. இலக்கியா பின்னால் நகர்ந்தாள்.

"சொன்னீங்கண்ணே," என்றார் தவமணி.

"பெறகு எதுக்குப் போடச் சொன்னீங்க?"

"நான் சொன்னா நீங்க போட்டிருவீங்களா?"

"நீங்க குருவு. நீங்க சொல்லி நான் எப்பிடி மறுக்க?"

"மறுத்திருக்கலாம். தரை உங்க தொழிலு."

"இது என்ன பாடம்மா? எனக்கு ஒண்ணும் வெளங்கல. எதுக்கு இந்தப் புள்ளைக முன்னாடி என்னைய..."

"பாடமெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணே. எனக்கு ஏலக்கா பிரிக்கத் தெரியும்."

அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினார். விளக்குமாற்றை எடுத்துத் தண்ணீரை வாசலுக்குத் தள்ளினார். தள்ளியதில் பாதி வெளியே போனது. பாதி திரும்பி வந்தது. மறுபடியும் தள்ளினார்.

"தாயி," என்று பஞ்சவர்ணத்திடம் சொன்னார். "நான் சொன்னதாலதான் இப்பிடி ஆச்சு. கோச்சுக்கணும்னா என்னையக் கோச்சுக்க."

பஞ்சவர்ணம் குழம்பிப்போனாள். யாரைக் கோபிப்பது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "புள்ளைக்கு நேரமாச்சு," என்றாள். இலக்கியா அன்றைக்கும் பக்கத்து வீட்டுக்குத்தான் குளிக்கப் போனாள். தெருவில் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

சென்றாயன் உளியையும் சுத்தியலையும் எடுத்தான்.

*

கலவை இன்னும் முழுக்க இறுகவில்லை. ஓரத்தில் உளியைக் கொடுத்து நெம்பினால் டைல்ஸ் கழன்று வந்தது. சில உடைந்தன. பெட்டியில் மிச்சம் இருந்ததால் பாதகமில்லை. தவமணி கழன்றவற்றை முற்றத்துக்குக் கொண்டுபோய் முதுகில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டிக் கழுவினார்.

சென்றாயனுக்குக் கோபம் அடங்கவில்லை. குருவின் மேல் கோபப்படுகிறோமே என்று பயமாக இருந்தது. பயந்துகொண்டே கோபப்பட்டான்.

"கலவைய இப்பிடியா கொழைப்பாங்க? இட்லி மாவா இது? தண்ணியக் கொறைங்க!"

"சரிண்ணே."

"அந்த டைல்ஸ அப்பிடிச் சாத்தாதீங்க. முனை போயிரும்."

"சரிண்ணே."

"நூலப் பிடிங்க. இழுத்துப் பிடிங்கம்மா. ஏலக்கா மூட்டையக் கட்டுற மாதிரி பிடிக்கிறீங்க!"

அடுப்படியில் பஞ்சவர்ணம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். அவளுக்கு அந்தக் குரல் பழக்கமானது. கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணனும் தம்பியும் வேலை செய்யும் இடத்துக்குச் சோறு கொண்டுபோகும்போதெல்லாம் தெருமுனையிலேயே கேட்கும் குரல். அது எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தாள். சொல்லத் தெரியவில்லை.

இந்தத் தடவை சென்றாயன் ரசமட்டத்தை எடுக்கவேயில்லை. நூல் இறங்கிய கணக்குக்குக் கை தானாகப் போனது. எதிர்ச் சுவரில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, மூலைக்கு வரும்போது தரை குழாயின் வாயை நோக்கிக் குனிந்திருந்தது. அவசரமாகப் பார்த்தால் தெரியாது. உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

அடுத்து அடி வரிசை.

தரை சாய்ந்திருந்ததால் சுவரின் அடியில் விட்ட இடைவெளி ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு உயரம். ஒவ்வொரு டைல்ஸையும் தனியாக அளந்து, அடிப்பக்கத்தைச் சாய்த்து வெட்ட வேண்டும். எப்போதும் சென்றாயன் உள்ளே குந்தி அளவு சொல்வான். சீலமுத்து வெளியே கட்டரோடு நிற்பான். அளவு சொன்னதும் கட்டர் கிறீச்சிடும். சென்றாயன் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டுவான். வெட்டிய டைல்ஸ் கைக்கு வரும்.

சென்றாயன் சுவரோரம் குந்தினான். டேப்பை வைத்து அளந்தான்.

"சீலா, ஆறே கால்!" என்று சத்தம் கொடுத்தான். "வலப்பக்கம் ஒரு நூலளவு சாச்சு வெட்டு!"

கையைப் பின்னால் நீட்டினான்.

முற்றத்தில் சத்தமில்லை. தவமணி கழுவிய டைல்ஸைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். அவர் அசையவில்லை. அதைக் கொண்டுபோய் அந்தக் கையில் வைக்கவும் இல்லை. அடுப்படியிலிருந்து பஞ்சவர்ணம் வெளியே வந்தாள். குளியலறை வாசலுக்கு வெளியே அந்தரத்தில் நீண்டிருந்த கையைப் பார்த்தாள். சிமெண்ட் அப்பிய வெறுங்கை.

"சீலா," என்றான் சென்றாயன் மறுபடியும். இந்தத் தடவை மெதுவாக.

கை அப்படியே இருந்தது. பிறகு ஒரு சத்தம் வந்தது. அது அழுகை என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. அவனுக்கே தெரியவில்லை. நெஞ்சில் எதுவோ அடைத்துக்கொண்டது என்று நினைத்துச் சுவரைப் பிடித்தான். பிடித்த இடம் தம்பி போட்ட சுவர். நெற்றியை அதில் முட்டிக்கொண்டு, வாய்விட்டு, ஊருக்கே கேட்கும்படி அழுதான்.

பஞ்சவர்ணம் ஓடிவந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். அவன் உள்ளே, அவள் வெளியே. அவனைத் தேற்ற அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவளும் அழுதாள். கணவன் செத்த நாளிலிருந்து எத்தனையோ தடவை அழுதிருக்கிறாள். இன்னொருவர் சத்தம் கூடச் சேர்ந்து வந்தது இன்றைக்குத்தான்.

தவமணி கையிலிருந்த டைல்ஸை அண்டாவில் போட்டுவிட்டு, முற்றத்து ஓரமாகப் போய்த் திரும்பி நின்றுகொண்டார்.

வெகுநேரம் கழித்து அழுகை ஓய்ந்தது. பஞ்சவர்ணம் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள். மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்த கட்டரை இழுத்து வந்து வைத்தாள்.

"அளவச் சொல்லுங்க பெரியத்தான்."

"உனக்கெதுக்கு தாயி?"

"மேவரிசையெல்லாம் அவருகூட நின்னு நான்தான் பிடிச்சேன். வெட்டத் தெரியும். சொல்லுங்க."

அவன் மறுபடியும் டேப்பை வைத்தான்.

"ஆறே கால்."

கட்டர் கிறீச்சிட்டது. முதல் டைல்ஸ் குறுக்கே பிளந்தது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு இன்னொன்றை எடுத்தாள். அது சரியாக வந்தது. அவன் நீட்டிய கையில் வைத்தாள். பொழுது சாய்வதற்குள் நான்கு பக்கமும் அடி வரிசை சேர்ந்துவிட்டது.

*

இந்த முறை நன்றாகக் காயவிட்டார்கள். வெள்ளை சிமெண்டால் இணைப்புகளை அடைத்து முடித்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இலக்கியா துண்டோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே மக்கு வாளியில் முட்டும் சத்தம் கேட்டது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஏதோ பாட்டு. பஞ்சவர்ணம் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, "சீக்கிரம் வாடி, எனக்கும் குளிக்கணும்," என்றாள். சொல்லிவிட்டு டீ போடப் போனாள்.

சென்றாயனும் தவமணியும் பின்கட்டுக் கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் கண் வீங்கியிருந்தது. சவரம் செய்துகொள்ளவில்லை.

"அம்மா."

"சொல்லுங்கண்ணே."

"அன்னிக்கி ஆரம்பிச்சது நிக்க மாட்டேங்குது. சோறு தின்னா வருது. பல்லு வெளக்குனா வருது. நேத்து பஸ்ஸுல ஒருத்தன் தம்பிய டேய்னு கூப்புட்டான், அதுக்கு வந்துருச்சு. பக்கத்துல இருந்த ஆளு எந்திரிச்சுப் போயிட்டான்."

"ம்."

"அப்ப இத்தன வருசம் உங்ககிட்ட வந்து உக்காந்ததெல்லாம்?"

தவமணி காலடியில் கிடந்த ஒரு டைல்ஸ் சில்லை எடுத்து ஓரமாக வைத்தார்.

"எது சரிம்மா? கல்லு மாதிரி நின்னேனே, அதா? சின்னப்புள்ள மாதிரி அழுவுறேனே, இதா? கோவத்த விட்டுட்டேன்னு நெனச்சேன், உங்களையே வைஞ்சுட்டேன். முன்னாடியாவது ஒண்ணும் தெரியாதுன்னு தெரிஞ்சுச்சு. இப்ப அதுவும் தெரியல."

"எனக்கும் பல நேரம் தெரியாதுண்ணே."

"ஒண்ணாவது சொல்லுங்க. சமமாப் போட்டா தண்ணி நிக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?"

"நீங்கதான சொன்னீங்க, தேங்கும்னு."

சென்றாயன் அவர் முகத்தையே பார்த்தான். அதில் எதையும் படிக்க முடியவில்லை. அவனையறியாமல் ஒரு சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாகத் திரும்பியது. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது.

கதவுக்கு உள்ளே இலக்கியா இன்னொரு மக்குத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. சுவருக்கு வெளியே நீட்டியிருந்த குழாயிலிருந்து சோப்பு நுரையோடு தண்ணீர் வந்து சாக்கடையில் விழுந்து ஓடியது.

அவன் துண்டை எடுத்தான்.

"இந்த மனவாட்டம் எப்பம்மா போகும்?"

தவமணி ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"வாட்டம் இருக்கட்டும்ணே. தண்ணி போனாப் போதும்."